திரும்பி வரலாம் என்று சொன்னவன்

லிசாந்த்ரோ கயூனின் தாத்தா அந்த ஏரிக்கரையில் ஆடு ஓட்டிக்கொண்டு வந்து குடிசை போட்டபோது தேசியப் பூங்கா என்று ஒன்று கிடையாது. அது பிறகுதான் வந்து அவரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டது. ஏற்கெனவே இருக்கிற குடும்பங்கள் இருக்கலாம், ஆடு மேய்க்கலாம் என்றார்கள். மரம் வெட்டக் கூடாது. புதுக் கூரை போடக் கூடாது. வீடு காலியாகிவிட்டால் மறுபடி குடியேறக் கூடாது.

கடைசிச் சட்டம்தான் ஆளைக் கொல்லும் சட்டம். பக்கத்து மேட்டில் இருந்த பெலிசாரியோ குடல் ஆபரேஷனுக்காக ஒரு குளிர்காலம் டவுனில் தங்கிவிட்டார். வயிற்றில் தையலோடு திரும்பி வந்தபோது கதவில் பலகை அடித்திருந்தது. அடுத்த வருஷம் வீடே இல்லை.

அதிலிருந்து அந்தக் கரையில் ஒரு பழக்கம். குடும்பத்தில் யார் எங்கே போனாலும் ஒருவர் வீட்டிலேயே தங்கி அடுப்பை எரிய விட வேண்டும். புகைபோக்கியில் புகை தெரிந்தால் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். லிசாந்த்ரோவின் அம்மா இறந்தபோது அக்கா எடெல்மிரா கல்லறைத் தோட்டத்துக்கு வரவில்லை. அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டு வீட்டில் இருந்தாள்.

லிசாந்த்ரோவுக்கு வேறு வேலை தெரியாது. இளவட்டமாக இருந்தபோதே பூங்காவின் தீயணைப்புக் குழுவில் சேர்ந்தான். கோடை தொடங்கும்போது ஒப்பந்தம், மழை வந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முதுகில் தண்ணீர்ப் பை, கையில் மண்வெட்டி. தீக்கு முன்னால் ஓடி, மண் தெரியும்வரை செத்தையையும் வேரையும் செதுக்கி, தீ தாண்ட முடியாதபடி பாதை வெட்டுவார்கள். ஐம்பது வயது தாண்டியும் அவனைவிட வேகமாக வெட்டுகிறவர்கள் குழுவில் குறைவு. கல்யாணமாகி டவுனில் குடியிருந்தான். ஏரிக்கரை வீட்டில் எடெல்மிரா மட்டும் இருந்தாள், புருஷனைப் புதைத்துவிட்டு, ஆடுகளோடு.

மலை மூங்கில் பூத்த வருஷம் அது. மனுஷ ஆயுசில் ஒரு தடவை பூக்கும். பூத்ததும் மலை முழுக்க ஒரேயடியாகச் சாகும். முதலில் விதை தின்ன எலி வந்தது. எலி போன பிறகு காய்ந்த மூங்கில் நின்றது. எடெல்மிராவின் வீட்டுக்குப் பின்னால் அது கூரை உயரத்துக்கு நின்றது.

“இதை வெட்டிப் போட்டுடலாம்டா. பாக்கவே பயமா இருக்கு” என்றாள்.

“அனுமதி இல்லாம குச்சியத் தொடக் கூடாதுக்கா. என் வேலை போயிடும். ஆபீஸ்ல கேட்டிருக்கேன். கொஞ்சம் பொறு.”

“நெருப்புகிட்டயும் சொல்லி வை. கொஞ்சம் பொறுன்னு.”

அனுமதி வரவில்லை. மறுக்கவும் இல்லை. யார் மேஜையிலோ கிடந்தது.

கோடையின் நடுவில், மழை இல்லாத இடி ஒன்று ஏரிக்கு மேற்கே விழுந்து மூங்கில் பற்றிக்கொண்டது. அதே வாரம்தான் லிசாந்த்ரோவின் மகளுக்குப் பிரசவம். முதல் பேரன். லிசாந்த்ரோ ஒரே ஒரு தடவை தூக்கினான். கையில் கரி ஒட்டியிருக்குமோ என்று மூன்று தடவை சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத் தூக்கினான். குழந்தை கொட்டாவி விட்டதை மலையில் எல்லாரிடமும் சொன்னான்.

“கொட்டாவி எல்லாரும்தான் விடுவாங்க தாத்தா” என்றாள் அய்லின். குழுவில் அவளுக்குத்தான் வாய் அதிகம். மூன்று பிள்ளை பெற்றவள். “ராத்திரி பூரா முழிச்சுக்கிட்டு அழட்டும், அப்ப வந்து சொல்லுங்க.”

“இவன் அழ மாட்டான். என்னை மாதிரி.”

“முந்தாநாள் புகையில நீங்க அழுததை நான் பாத்தேன்.”

ஐந்தாம் நாள் காற்று மேற்கிலிருந்து எழும்பியது. மூங்கில் துப்பாக்கி மாதிரி வெடிக்கிற சத்தம் ஏரிக்கரைவரை கேட்டது. புகை கனத்துவிட்டதால் ஹெலிகாப்டர் இறங்க முடியவில்லை. பூங்காத் தலைவர் ஓர்லாண்டி லிசாந்த்ரோவைத் தனியே கூப்பிட்டார். கெட்ட மனுஷர் இல்லை. அவரும் மூன்று நாளாகத் தூங்கவில்லை.

“உங்க அக்கா இறங்க மாட்டேங்கறாங்க. ரெண்டு தடவை ஆள் அனுப்பிட்டேன். நீ சொன்னாதான் கேப்பாங்க.”

“இறங்கினா வீடு போயிடும்னு நினைக்கறா சார். திரும்பி விடுவீங்களா?”

“முதல்ல ஆளை இறக்கு லிசாந்த்ரோ. மத்ததைப் பிறகு பேசிக்கலாம்.”

லிசாந்த்ரோ அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டான். அப்படி எடுத்துக்கொள்ள அவனுக்கு ஆசையாக இருந்தது.

நடுப்பகல். ஆனால் வெளிச்சம் பழுப்பாக, பழைய எண்ணெய் மாதிரி இருந்தது. எடெல்மிரா அடுப்படியில் மாவு தட்டி எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“சாப்டியா?”

“அக்கா, கிளம்பு. ரெண்டு மணி நேரத்துல இங்க வந்துடும்.”

“வரட்டும். வந்தா உக்காரச் சொல்றேன்.”

“விளையாடாத. ஆட்டையெல்லாம் அய்லின் கரையோரமா ஓட்டிக்கிட்டு இருக்கா. வண்டி நிக்குது.”

“அம்மாவப் புதைக்கறப்பவே நான் இறங்கலடா.”

“அப்ப நெருப்பு இல்ல.”

“பெலிசாரியோகிட்டயும் இப்படித்தான் சொன்னாங்க. உடம்பத் தேத்திக்கிட்டு வாங்கன்னு.”

லிசாந்த்ரோ அவள் கையிலிருந்து கரண்டியை வாங்கி வைத்தான். “சொன்னது யாரோ. இப்ப சொல்றது நான். நீ திரும்பி வருவ. வீடு எரிஞ்சா நானே கட்டித் தரேன். சார்கிட்டப் பேசிட்டேன்.”

“பேசிட்டியா?”

“பேசிட்டேன்.”

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டாள். கிளம்புவதற்கு முன் அடுப்பு கொள்ளும் அளவுக்கு விறகை அடுக்கித் திணித்தாள். பள்ளத்தாக்கே எரிந்துகொண்டிருக்கும்போது அக்கா அடுப்பில் விறகு வைப்பதை, தீயணைக்கிறவன் வாசலில் நின்று பார்த்தான்.

குழு அந்த வீட்டைச் சுற்றிப் பாதை வெட்டியது. மூன்று பக்கம் தீ நின்றது. பின்பக்கம் மூங்கிலுக்கும் சுவருக்கும் நடுவில் வெட்ட இடமே இல்லை. எல்லாரும் ஏரித் தண்ணீருக்குள் இறங்கி இடுப்பளவில் நின்றார்கள். லிசாந்த்ரோ பிறந்த அறை முதலில் போயிற்று. மிஞ்சியது கல்லில் கட்டிய புகைபோக்கி மட்டும்.

இலையுதிர் மழையில் தீ அணைந்தது. லிசாந்த்ரோ ஆபீசுக்குப் போனான். ஓர்லாண்டி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

“எரிஞ்ச வீடு காலி வீட்டுக் கணக்குல வருது. மறுபடி கட்டினா அது புதுக் கூரை. மேய்ச்சல் அனுமதி வீட்டோட சேந்தது. அதுவும் போச்சு.”

“பிறகு பேசிக்கலாம்னு சொன்னீங்க சார்.”

“பேசினேன். தலைநகரத்துக்கு நாலு தடவை பேசினேன். என்னால ஆகல.”

“நான் அவகிட்ட வாக்குக் குடுத்துட்டேன்.”

“நான் குடுக்கச் சொல்லலையே” என்றார் ஓர்லாண்டி மெதுவாக. சொன்ன பிறகு அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

எடெல்மிரா டவுனில் ஒரு மெக்கானிக் கடைக்குப் பின்னால் வாடகை அறையில் இருந்தாள். ஆடுகளை வந்த விலைக்கு விற்றார்கள். பேரனைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். குழந்தையை வாங்கி நெஞ்சில் சாய்த்துக்கொண்டாள். அதுவும் அவள் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. லிசாந்த்ரோ மாத்தே இலைத் தேநீர் கலந்து நீட்டினான். அவள் வாங்கவில்லை. குழந்தையிடம் பேசினாள்.

“உங்க தாத்தாகிட்டக் கேளுடா தங்கம். நாம எப்ப வீட்டுக்குப் போறதாம்?”

குழந்தை சிரித்தது. லிசாந்த்ரோவின் மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

“சொல்ல மாட்டேங்கறாரா? கேட்டுக்கிட்டே இரு. பெரிய மனுஷன், சார்கிட்டயெல்லாம் பேசறவரு.”

பனி உருகியதும் அவளை டவுனில் காணோம். யாரோ ஒருவரின் மாட்டு வண்டியில் பழைய தகரங்களை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறாள். புகைபோக்கியை ஒட்டி நாலு கம்பு நட்டு, தகரத்தை ஆணியடித்து, அதற்குக் கீழே படுத்திருந்தாள். பூங்காவின் படகுக்காரன் ஏரியிலிருந்து புகையைப் பார்த்துவிட்டான்.

கோடை ஒப்பந்தம் தொடங்கிய வாரமே கொட்டகையைப் பிரிக்கச் சொல்லி லிசாந்த்ரோவின் குழுவுக்கு உத்தரவு வந்தது. லிசாந்த்ரோ போக மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் வேறு ஆட்கள் போவார்கள், தகரத்தையும் பறிமுதல் செய்வார்கள். தான் போனால் தகரமாவது அவளுக்கு மிஞ்சும் என்று கணக்குப் போட்டான். போகும் வழியெல்லாம் அந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டான். ஒவ்வொரு தடவையும் அது சின்னதாகிக்கொண்டே வந்தது.

எடெல்மிரா அவன் வண்டியில் ஏணி இருப்பதைப் பார்த்தாள். எழுந்து போய் அடுப்பில் தண்ணீர் ஊற்றினாள்.

“தனியாவா வந்த?”

“ஆமாக்கா.”

“அந்த வாயாடிப் பொண்ணு?”

“வர மாட்டேன்னுட்டா.”

“நல்ல பொண்ணு.”

அவன் ஏணியைச் சாய்த்தான். மண் சாம்பலோடு குழைந்து கிடந்ததால் ஏணி ஒரு பக்கம் இறங்கியது. அவள் வந்து பிடித்துக்கொண்டாள். “ஏறு. விழுந்து தொலைச்சுடாத, பேரன் இருக்கான்.”

ஆணி ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். தகரத்தைக் கீழே நீட்டினான். அவள் வாங்கி அடுக்கினாள். சின்ன வயதில் இருவரும் அப்பாவோடு சேர்ந்து பழைய கூரையைச் செப்பனிட்ட மாதிரிதான் கை மாறியது. இப்போது மேலிருந்து கீழே.

“கம்பையும் பிடுங்கச் சொன்னாங்களா?”

“சொன்னாங்க.”

“அப்ப பிடுங்கு.”

ஆட்டியதும் கம்பு வந்துவிட்டது. கீழே வேரெல்லாம் எரிந்து மண் உளுத்துப்போயிருந்தது. நாலு கம்பையும் வண்டியில் போட்டுவிட்டு அவன் திரும்பிப் பார்த்தபோது எடெல்மிரா முதல் குழிக்குள் காலால் மண்ணைத் தள்ளி மிதித்துக்கொண்டிருந்தாள்.

“எதுக்குக்கா?”

“அப்படியே விட்டா ஆடு கால விட்டு ஒடிச்சுக்கும்.”

ஓர் ஆடுகூட இல்லாத மலை கறுப்பாக, ஒரு சத்தமும் இல்லாமல் நின்றது. லிசாந்த்ரோ மண்வெட்டியை எடுத்து அடுத்த குழியை மூட ஆரம்பித்தான்.