வீங்காத சுண்டுவிரல்

எங்கள் தொழிலில் ஆட்கள் கும்பிட்டுக்கொண்டே வருவார்கள், திட்டிக்கொண்டே போவார்கள். நான் பிசியோதெரபிஸ்ட். கும்மிடிப்பூண்டி பஜாரில் சின்னதாக ஓர் இடம். தேர்வாய் கண்டிகை கம்பெனி ஆட்களின் தோள்பட்டையும், நெடுஞ்சாலை லாரிக்காரர்களின் முழங்காலும்தான் என் பிழைப்பு. வலி இருக்கிறவர்களை நீட்டி மடக்கி இன்னும் கொஞ்சம் வலிக்க வைப்பதுதான் என் வேலை என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். இதைப் படிக்க உட்காரும்போதே முழங்காலைப் பிடித்துக்கொண்டு "அப்பாடா" என்றவர்கள் நம் ஆட்கள். மற்றவர்கள் அவசரப்பட வேண்டாம், உங்கள் முறையும் வரும்.

அம்புக்குறி

கீழ்க்கடையை பேன்சி ஸ்டோர்காரர் பிடித்துவிட்டதால் எனக்கு மாடிதான் கிடைத்தது. மூட்டு வலிக்காரர்கள் வரவேண்டிய இடத்துக்கு லிஃப்ட் கிடையாது, படி செங்குத்து. கைப்பிடி உண்டு, அது ஆடும். போர்டு எழுதியவர் "மூட்டு வலிக்குச் சிறந்த சிகிச்சை" என்று எழுதி, பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறியும் போட்டுக் கொடுத்தார்.

எளாவூர் வெங்கடேசு நைனா லாரி ஓட்டுகிறவர். அந்த ஊர் செக்போஸ்ட் வரிசையில் கிளட்சை மிதித்து மிதித்தே இடது முழங்காலைக் கெடுத்துக்கொண்டவர். முதல் நாள் கீழே நின்று அந்த அம்புக்குறியை வெகுநேரம் பார்த்தார். நான் மேலிருந்து எட்டிப் பார்த்து, "மெதுவா ஏறி வாங்க நைனா, ஒண்ணும் அவசரமில்ல" என்றேன். அவர் நின்ற இடத்திலிருந்தே சொன்னார்: "மேல ஏற முடிஞ்சா நான் இன்னாத்துக்கும்மா மேல வரணும்?"

பட்டையா, துடைப்பமா

எஸ்தர் அக்காவுக்குத் தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. பெட்டிகளைச் சுற்றி இரும்புப் பட்டையை இழுத்துக் கட்ட வேண்டும். அவருக்கு ஏற்கெனவே முடக்குவாதம். காலையில் எழுந்தால் இரண்டு கை விரல் மூட்டுகளும் உப்பிப்போய் மடங்காது. திருவள்ளூரில் ஒரு மூட்டு டாக்டரிடம் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே ஷிப்ட் பார்த்துவந்தார். போன கோடையில் ஒரு நாள், வெட்டிய பட்டை விசிறிக்கொண்டு வந்து இடது மணிக்கட்டைக் கிழித்துவிட்டது. சுண்டுவிரல் பக்கம் போகிற நரம்பு அறுந்துபோனது.

சென்னையில் தைத்தார்கள். தைத்துவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை நரம்பு புதிதாக வளர்ந்து போக வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் போனாலே பெரிய விஷயம். அதுவரை சுண்டுவிரலில் உணர்ச்சியும் இல்லை, கைப்பிடியில் பலமும் இல்லை. அந்தக் கையைத் தேற்றத்தான் என்னிடம் அனுப்பினார்கள்.

கம்பெனி சூப்பர்வைசர் எனக்குப் போன் செய்தார். பொங்கல் வரைக்கும் இடத்தை வைத்திருப்பாராம். அதற்குள் பிடிப்பு வராவிட்டால் தரை பெருக்குகிற வேலைதானாம். முடக்குவாதக்காரர் ஷிப்ட் முழுக்கக் குனிந்து பெருக்கினால் ஒரு வாரம் தாங்க மாட்டார், தானாகவே நின்றுவிடுவார். இது எனக்கும் தெரியும், எஸ்தர் அக்காவுக்கும் தெரியும். சூப்பர்வைசருக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். குரலில் மட்டும் குறையே இல்லை: "கை புடிச்சா பட்டை மேடம், புடிக்கலன்னா தொடப்பம். ரெண்டுல எதுன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க, போதும்."

மோதிரம் போன இடம்

எஸ்தர் அக்காவின் கல்யாண மோதிரம் சுருக்குப்பையில்தான் இருந்தது. மூட்டு வீங்க ஆரம்பித்ததிலிருந்து எந்த விரலிலும் அது ஏறவில்லை. மழைக்காலம் தொடங்கிய சமயத்தில் ஒரு நாள் அதைப் போட்டுக்கொண்டு வந்தார். இடது கைச் சுண்டுவிரலில்.

நான் இரண்டு கைகளையும் மேசைமேல் வைக்கச் சொல்லிப் பார்த்தேன். முடக்குவாதம் பெரும்பாலும் ஜோடி பார்த்து வரும். வலது பக்கம் எது வீங்குகிறதோ, அது இடது பக்கமும் வீங்கும். வலது சுண்டுவிரல் மூட்டு பழையபடி உப்பியிருந்தது. இடது சுண்டுவிரல் மட்டும் வயசுப் பெண்ணின் விரல் போல ஒல்லியாக இருந்தது. மாத்திரைதான் காரணம் என்றால் மாத்திரை எல்லா விரலுக்கும்தான் போகிறது. ஓய்வுதான் காரணம் என்றால் கட்டு முழுக் கைக்கும்தான் போட்டிருந்தார்கள். உணர்ச்சி செத்த விரல் ஒன்றுதான் வீக்கம் வற்றிக் கிடந்தது. எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. எஸ்தர் அக்காவுக்கு அதெல்லாம் இல்லை. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "இத்தினி வருசத்துல அந்தாளு எனக்கு வாங்கிக் குடுத்தது இது ஒண்ணுதாம்மா. அது ஏறுற மாதிரி ஒரு வெரலாவது கீதே!"

ரிட்டன் லோடு

திருவள்ளூர் டாக்டரிடம் போனில் கேட்டேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. நரம்பு அறுந்த விரலையும், பக்கவாதத்தில் விழுந்த கையையும் முடக்குவாதம் விட்டுவைப்பதை மருத்துவர்கள் வெகுகாலமாகப் பார்த்திருக்கிறார்களாம். வலி நரம்பு என்றால் மூட்டில் நடப்பதை மூளைக்குச் சொல்வது மட்டும்தான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது மூட்டுப் பக்கமும் சில ரசாயனங்களை இறக்குகிறது. அதனால் ரத்தக் குழாய் விரிந்து, நீர் கசிந்து, வீக்கம் உண்டாக்குகிற அணுக்கள் வந்து குவிகின்றன. வீக்கத்தால் வலி, வலி நரம்பால் இன்னும் வீக்கம். சேதி சொல்ல வந்தவனே சண்டையையும் கிளப்பிவிட்டுப் போகிற கதை.

இதை எஸ்தர் அக்காவுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டிலில் முழங்காலுக்கு ஒத்தடம் வாங்கிக்கொண்டிருந்த வெங்கடேசு நைனா சட்டென்று எழுந்து உட்கார்ந்தார். "அதாவது வண்டி காலியா திரும்பல. ரிட்டன் லோடு ஏத்திக்கினு வருது. அதான?" என்றார். டாக்டரே இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை. "அப்ப எனுக்கும் அந்த நரம்ப வெட்டிவுட்டுடச் சொல்லும்மா" என்றார் அடுத்து.

அதெல்லாம் ஆகாது என்றேன். அந்த நரம்பு இல்லாவிட்டால் கால் எங்கே மோதுகிறது, எங்கே கிழிகிறது என்றே தெரியாது. போதாததற்கு, சில நரம்புகள் வீக்கத்தை அடக்கவும் செய்கின்றன என்கிறார்கள். எது ஏற்றிவிடுகிறது, எது இறக்கிவிடுகிறது என்று இன்னும் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நைனா யோசித்தார். எளாவூர்க்காரர் யோசனை எங்கே போகும்? "வெட்ட வேணாம் டாக்டரம்மா. முட்டிகிட்ட ஒரு செக்போஸ்ட்டு போடச் சொல்லு. போற வண்டிய வுட்டுடு. ரிட்டன் லோட மட்டும் ஓரங்கட்டு."

தோசைக்கல்

அதற்குப் பிறகு எங்கள் மாடியில் அந்தச் சுண்டுவிரலுக்குப் பெரிய மரியாதை. வலியில்லாத விரல் ஒன்று நம் நடுவில் இருக்கிறது என்று எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். எஸ்தர் அக்காவும் மோதிரம் தெரிகிற மாதிரி கையை வைத்துக்கொண்டு உட்காருவார்.

ஒரு நாள் அந்த விரலில் கட்டோடு வந்தார். காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு முன்னால் மகளுக்குத் தோசை வார்த்துக் கொடுப்பது பழக்கம். வேலைக்குப் போகாவிட்டாலும் அந்தப் பழக்கம் போகவில்லை. சுண்டுவிரல் கல்லின் விளிம்பில் பட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை. வாசனை வந்தபோது தோசைதான் தீய்கிறது என்று நினைத்திருக்கிறார். கட்டைப் பிரித்ததும் "ஐயோ அக்கா" என்றேன். கொப்புளம் அவ்வளவு பெரிது. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்கே ஆறுதல் சொன்னார்: "நோவாத வெரலு நல்ல வெரலுன்னு நெனச்சிக்கினு இருந்தேம்மா. அது பேஜாரு புடிச்ச வெரலு, ஊட்ல திருடன் வந்தாகூட எய்ந்திரிக்காது."

குண்டூசி

உணர்ச்சி திரும்புகிறதா என்று பார்க்க எங்களிடம் பழைய வழி ஒன்று உண்டு. கண்ணை மூடச் சொல்லிவிட்டு, குண்டூசி முனையால் மெல்லத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்போம். மார்கழி பிறந்துவிட்டது. கொப்புளம் ஆறிவிட்டது. எஸ்தர் அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

"தெரியுதா?" என்றேன். "தெரிது" என்றார். "இப்ப?" "நல்லா தெரிது." "இப்ப?" "ஐயய்யோ, சுருக்குங்குது." உண்மையில் நான் ஊசியை இன்னும் எடுக்கவே இல்லை. ஊசி டப்பா அலமாரியில் இருந்தது. கண்ணைத் திறக்கச் சொல்லி அலமாரியைக் காட்டினேன். அவர் வெட்கப்படவில்லை. கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. "நீ குத்துனியா இல்லியான்னு உனக்குத் தெரியும். வேல பூட்ச்சின்னா இன்னா ஆவும்னு எனக்குத்தானம்மா தெரியும்" என்றார்.

நோவுது

பொங்கல் நெருங்கி, கம்பெனி ஆட்கள் லீவு பேச ஆரம்பித்துவிட்டார்கள். எஸ்தர் அக்கா படியேறி வந்து கையை நீட்டினார். மோதிரம் சுண்டுவிரலை இறுக்கிப் பிடித்திருந்தது. அதற்கு மேலே மூட்டு லேசாகச் சிவந்து உப்பியிருந்தது. கண்ணை மூடச் சொன்னேன். இந்தத் தடவை ஊசி கையில் இருந்தது. சுண்டுவிரலைத் தொட்டதுதான் தாமதம், "அடிப்பாவி!" என்று கத்திக்கொண்டு என் தோளில் ஓர் அறை வைத்தார். இடது கையால். அடி நன்றாகவே விழுந்தது. ஒத்தடத்தில் இருந்த வெங்கடேசு நைனா கைதட்ட, காத்திருந்த பெஞ்சு முழுக்கக் கைதட்டியது.

பிடிப்பைப் பார்க்க என் கையைக் கொடுத்தேன். நசுக்கிவிட்டார். அந்த இடத்திலேயே சூப்பர்வைசருக்குப் போன் போட்டு "பட்டை" என்று ஒரே வார்த்தை சொன்னேன். எனக்கு அழுகை வந்தது, ஆனாலும் மோதிரத்தைக் கழற்ற வேண்டியிருந்தது. விட்டால் வீக்கத்தில் மாட்டிக்கொள்ளும். நரம்பு திரும்பி வந்துவிட்டது, ரிட்டன் லோடும் கூடவே வந்துவிட்டது. இனி மற்ற ஒன்பது விரல்களோடு இதற்கும் சேர்த்துத்தான் மாத்திரை. விரலில் நூலைச் சுற்றிச் சோப்பு போட்டு மெல்ல மெல்ல உருவினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் அவர் "நோவுது, நோவுது" என்று அலறினார், ஒவ்வொரு அலறலுக்கும் சிரித்தார். மோதிரம் வந்ததும் முந்தானையில் துடைத்துச் சுருக்குப்பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டார். இவ்வளவு ஆசைப்பட்டுப் போட்டதாயிற்றே, வருத்தமாக இல்லையா என்று கேட்டேன். எஸ்தர் அக்கா வீங்கிய சுண்டுவிரலை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மோதரத்த பையில போட்டு வெச்சிக்கலாம்மா. பையில போட்டு வெச்சா மாதிரி கெடந்த வெரலுதான் இப்ப கைக்கு வந்துகீது."

ஆக, "நோவுது" என்று ஒருவர் அலறினால் பெஞ்சே கைதட்டுகிற ஓர் இடம் இந்தப் பஜாரில் உண்டு, அம்புக்குறியைப் பார்த்து மேலே ஏறி வாருங்கள், கைப்பிடி மட்டும் ஆடும்.