மூன்றாம் வருடத்தின் முதல் வகுப்பு

அக்கா அமெரிக்காவிலிருந்து போன் எடுத்தபோது, முதியோர் இல்லத்தில் பகல் வேலை முடித்து ஜெர்மனியில், ஹனோவர் ட்ராமில் நின்றுகொண்டிருந்தேன். "மகன் லீவிலை உன்னட்டை வாறான். உன்ரை வாயை நம்பித்தான் அனுப்புறன்" என்றாள்.

விஷயம் இதுதான். அக்காவின் மகன், என் பெறாமகன், அங்கே ஓர் இராணுவக் கல்லூரியில் இரண்டு வருடம் முடித்திருந்தான். அமெரிக்க உதைபந்தாட்டம் ஆடுகிறவன். பெயர்தான் உதைபந்து, மற்றபடி ஆளை ஆள் முட்டி விழுத்துகிற ஆட்டம். "நாலு வருடமும் நான் உங்கள் மகனோடு இருப்பேன்" என்று வீடு தேடி வந்து சொல்லிக் கூட்டிப்போன கோச், போன குளிர்காலம் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றுக்கு மாறிவிட்டார். இவன் போனால் அங்கே இவனுக்கும் இடம் இருக்கிறதாம். இப்போதே விலகினால் ஒரு கடமையும் இல்லை. மூன்றாம் வருடத்தின் முதல் வகுப்பில் போய் உட்கார்ந்தானோ, படிப்பு முடிய வருடக்கணக்கில் இராணுவச் சேவை. அந்த வகுப்புக்கு மூன்று கிழமைதான் இருந்தது.

"ஆமிக்குப் பயந்து ஓடிவந்த குடும்பத்திலை ஒரு ஆமிக்காரனோடி?" என்று அக்கா அழுதாள். எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது.

வந்தான். கதவு நிறைய ஒரு உருவம். நான் இரண்டு நாளுக்கென்று அவித்த புட்டை ஒரே இருப்பில் முடித்தான். மூன்றாம் நாள், கோப்பைகளைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றவனிடம் தொடங்கினேன்.

"அப்பன், இஞ்சை புது வேலையிலை ப்ரோபெட்சைட் எண்டு ஒரு காலம் இருக்கு. பிடிக்காட்டி காரணம் சொல்லாமல் விட்டிட்டுப் போகலாம். உனக்கும் இது அதுதான். கோச்சே சொன்ன சொல்லை விட்டிட்டுப் போட்டார், உனக்கென்னடா ரோசம்?"

"கோச்சிலை கோவமில்லை, சின்னம்மா. அவருக்கு அது வேலை."

"பின்னை?"

"டீமிலை புதுசாச் சேர வாற பெடியளுக்குக் கொலிஜைச் சுத்திக் காட்டுறது நாங்கள்தான். போன வருசம் ஒருத்தன் தாயோடை வந்தவன். தாய் கோச்சிட்டைக் கேக்கேல்லை. என்னட்டைத்தான் கேட்டவா, 'நீ இருப்பியோ?' எண்டு. ஓம் எண்டன். அவன் இந்த வருசம் சேந்திட்டான்."

"கடவுளே! அதுக்கு ஒரு போன் எடுத்துச் சொல்லிவிடன்."

"என்னெண்டு சொல்ல?"

வாய்க்காரி என்று ஊரெல்லாம் பெயரெடுத்த நான், கழுவின கோப்பையையே திரும்பவும் கழுவினேன்.

"பயமில்லையோடா?"

"பயந்தான். நித்திரையே வரேல்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த கோப்பையை எடுத்தான்.

இருபது வயது. ஒரேயொரு 'ஓம்'முக்காகத் தன் இளமையைக் கொடுக்கப் போகிறான், அதைப் பெரிதாகச் சொல்லவும் தெரியவில்லை. அதே வயதில் யாழ்ப்பாணத்தில் என் சிநேகிதியிடம், "நீ இல்லாமல் நான் போகமாட்டன்" என்று சொன்னவள் நான். கொழும்புக்குப் போக வழி கிடைத்த அன்று அவளுக்குச் சொல்லாமலே பஸ் ஏறினேன். அவளுக்கு என்ன நடந்தது என்று விசாரிக்கவும் இன்றுவரை எனக்குத் துணிவு வந்ததில்லை.

மறுநாள் அக்கா எடுத்தாள். "சொன்னியோ?"

"சொன்னன். அவன் திரும்பித்தான் போறான், அக்கா. இனி நான் கேக்கமாட்டன். எனக்கு அவன்ரை முகத்தைப் பாக்க வெக்கமாக் கிடக்கு."

"நீயுமோடி?" என்று கத்தினாள். நான் அந்தப் பெடியனையும் அவனுடைய தாயையும் பற்றிச் சொன்னேன்.

பிறகு, "அந்தத் தாயின்ரை நம்பர் அவனிட்டை இருக்கோ எண்டு கேள். அவவும் என்னைப்போலை நித்திரையில்லாமல்தான் கிடப்பா" என்றாள்.