அப்பன் பெயர் கேட்பவர்

"அப்பன் யாரு?"

சினை ஊசி போட வந்தவர் மாட்டைக் கேட்கவில்லை, மாட்டுக்காரரைக் கேட்கிறார். சினை ஊசிக் குழாய்கள் உறைந்து கிடக்கும் கேனின் மூடிமேல் ஒரு கை, விரித்த நோட்டின்மேல் இன்னொரு கை. பதில் வராமல் மூடி திறக்காது. அந்தக் கேள்வியே அவருக்குப் பட்டப்பெயராகிவிட்டது. தெருமுனையில் அவருடைய ஸ்கூட்டர் தெரிந்ததும், "அப்பன் யாரு வர்றாரு, யோசிச்சு வை" என்று வீட்டுக்குள் குரல் கொடுப்பார்கள்.

"நாலு காலு, ஒரு வாலு. அதுக்கு மேல எனக்கு எதுவும் தெரியாது சார்" என்று ஒருவர் கையை விரித்தார்.

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. சும்மா ஒரு காளை நம்பரை அடிச்சு விடாதீங்க. நாளைக்கு மக அப்பன்கிட்டயே போய் நிக்கும். பொறக்கிற கன்னு நோஞ்சானாப் போகும். அப்புறம் பால் எங்கேர்ந்து வரும்?"

இந்தப் பிரசங்கம் சுருக்கமாகச் சொன்னால் நான்கு நிமிடம். கலப்பின மாடுகளுக்கே மனப்பாடம் ஆகியிருக்கும்.

அடுத்த வட்டாரத்தில் இதே வேலை பார்ப்பவருக்கு இந்தத் தலைவலி எல்லாம் கிடையாது. அவர் பதிவேட்டில் எல்லாக் கன்றுக்கும் முப்பத்தேழாம் எண் காளைதான் அப்பன். அந்தக் காளை செத்து நாலு வருடம் ஆகிறது. அதுகூடத் தப்பில்லை, உறையவைத்த விந்துக்குச் சாவு கிடையாது. ஆனால் வந்த குழாய் பன்னிரண்டு, பிறந்த கன்று நூற்று நாற்பது. விடுபடாத பதிவேடு என்று அலுவலகம் அவருக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தது. நம்மவருக்கு, 'தெரியாது' ஏன் இத்தனை இடத்தில் என்று விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது.

அதற்கெல்லாம் அவர் அசரவில்லை. போட்டு முடித்த காலிக் குழாயைக் காளை எண்ணோடு நோட்டில் ஒட்டிவைப்பார். பக்கத்தில் கன்று பிறக்கவேண்டிய தேதி. மூன்று வாரம் தள்ளிப் பிறந்தால் அவர் போட்ட ஊசி நிற்கவில்லை, அடுத்த பருவத்தில் வேறு ஏதோ காளை புகுந்துவிட்டது என்று அர்த்தம். உடனே சிவப்புப் பேனாவால் அப்பன் பெயரில் ஒரு கோடு. யார் கெஞ்சினாலும் விடமாட்டார்.

ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் அந்தக் கோடு விழவில்லை. அது அவர் வீட்டு மாட்டின் பக்கம். பொத்திப் பொத்தி வைத்திருந்த நூற்றுப் பன்னிரண்டாம் எண் குழாயை அதற்குப் போட்டிருந்தார். மூன்றாவது வாரம் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு, ஒரு மத்தியானம் முழுக்கப் பக்கத்து வீட்டுக் காளையோடு நின்றுவிட்டு வந்தது. கன்று இருபத்தோரு நாள் தள்ளிப் பிறந்தது. "சில மாடு நிதானமா ஈனும்" என்றார். மனைவி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கன்றைத் துடைக்கப் போனாள். கோடு போட்டால் ஊரே சிரிக்குமே என்ற கூச்சம் இவருக்கு. பால் மறந்ததும் அந்தக் கிடாரிக் கன்றைப் பால்காரம்மா ஆசையாக வாங்கிப்போனாள்.

போன வாரம் அவள் அதை ஓட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். பருவத்துக்கு வந்து, காலையிலிருந்து ஓயாமல் கத்துகிறதாம்.

"ரெண்டு தடவை உங்க ஊசி நிக்கலை சார். இந்தத் தடவை உங்க பக்கத்து வீட்டுக் காளைகிட்ட விட்டுடறேன். அவரும் சரின்னுட்டாரு. இதோட அப்பன் நூத்திப் பன்னெண்டுதானே? அந்தக் காளைக்கும் இதுக்கும் ஒட்டு உறவு இல்லையே?"

பக்கத்து வீட்டுக்காரர் கேட்டைத் திறந்துவைத்துக் காத்திருந்தார். இவர் நோட்டைத் திறந்தார், மூடினார்.

"நோட்டை எதுக்குப் பார்க்கிறீங்க? நீங்க சொன்னாப் போதும். ஊர்ல யாரு பொய் சொன்னாலும் நீங்க சொல்ல மாட்டீங்க" என்று கிடாரியை அந்தப் பக்கம் திருப்பினாள் பால்காரம்மா.

உள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது. "அப்பன் யாருன்னு கேக்கறாங்கல்ல? சொல்லுங்க."

அவமானம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் கிடாரி கேட்டை நெருங்கிவிட்டிருந்தது. "நில்லும்மா" என்றார். நோட்டை முழங்காலில் விரித்து, ஒட்டியிருந்த குழாயைப் பிய்த்தெடுத்தார். நூற்றுப் பன்னிரண்டின் குறுக்கே நிதானமாகக் கோடு போட்டார். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல், அந்தச் சிவப்புப் பேனாவையே நீட்டி, திறந்திருந்த கேட்டுக்குள் அசைபோட்டுக்கொண்டிருந்த காளையைக் காட்டினார்.