என் ஸ்டேஷனுக்கு அப்பா வந்தது

மலைமேல் எங்கள் மாரமங்கலத்து பஸ் ஆளைப் பார்த்துத்தான் கிளம்பும். அப்பா குளித்து, வெற்றிலை மடித்து, செருப்பைத் தேடி எடுத்து வரும்வரை டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்பார். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிற மனிதருக்கு ஊரில் அவ்வளவு செல்லம். அந்தப் பழக்கத்தோடுதான் அவர் என் ஸ்டேஷனைப் பார்க்க வந்தார்.

ஸ்டேஷன் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தெற்கே, கடலோரத்தில், உப்புக்காற்றில் பெயர்ப்பலகையே பாதி உதிர்ந்துபோன இடம். காலையில் ஒரு பாசஞ்சர், சாயங்காலம் ஒரு பாசஞ்சர் நிற்கும். மற்ற வண்டிகள் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பிளாட்பாரத்தில் பாதி நாள் கருவாடு காயும். அங்கே நான் ஸ்டேஷன் மாஸ்டர். மலையிலோ, நான் இல்லாவிட்டால் தெற்கே ஒரு ரயிலும் நகராது என்று பேச்சு. பேச்சைக் கிளப்பியவர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் காலையில் ஊரில் தங்கைக்கு நிச்சயதார்த்தம்; எனக்கு லீவு கிடைக்கவில்லை. சாயங்கால பாசஞ்சரைப் பிடித்தால்தான் அப்பாவுக்கு ஜங்ஷனில் சேலம் வண்டி கிடைக்கும். வண்டி வருகிற நேரம் பார்த்து, கடலில் கால் நனைக்கப் போகிறேன் என்று கிளம்பினார்.

“ஒரு நிமிசந்தானுங்கப்பா வண்டி நிக்கும்.”

“உன்ற வண்டிதானே கண்ணு. நா வராம எங்க போயிரும்?”

வண்டி வந்து நின்றது. சவுக்குத் தோப்பைத் தாண்டி அப்பா வருவது தெரிந்தது. சீக்கிரம் வரச்சொல்லிக் கையை ஆட்டினேன். அவரும் சந்தோஷமாக ஆட்டினார். ஓடவில்லை. ஸ்டேஷன் மாஸ்டரைப் பெற்றவர் ஓடுவாரா? ஒற்றைப் பாதை அது. அடுத்த ஸ்டேஷனில் எக்ஸ்பிரஸ் இந்த வண்டிக்காகக் காத்து நின்றது. கார்டு என்னைப் பார்த்தார். பச்சைக் கொடியைக் காட்டினேன்.

கடைசிப் பெட்டியும் போன பிறகு அப்பா பிளாட்பாரத்தில் ஏறினார்.

“என்னயப் பாத்தியா சாமி?”

“பாத்தனுங்கப்பா.”

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பஸ் மாறி மாறி அவர் ஊர் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்களாம். அவர் இடத்தில் நின்று தட்டு மாற்றியது சித்தப்பா.

அப்பா அசருகிற ஆளா? தங்கை போனில் சொன்னாள்: “‘பெத்த அப்பன் வர்றான்னு வண்டிய நிறுத்தலீங்க எம்பையன், அப்பேர்ப்பட்ட உத்தியோகம்’னு ஒவ்வொருத்தராக் கூப்புட்டுச் சொல்றாருண்ணா. மாப்பிள ஊட்டுல உனக்கு நொம்ப மதிப்பு.” எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர்கூட என்னை விசாரித்தாராம். மலை முழுக்க நான் நேர்மையாளன் ஆகிவிட்டேன்.

போன மழைக்காலத்தில் அப்பா வழுக்கி விழுந்து, இடுப்பொடிந்து சேலம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவர் வீடு திரும்பிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்று தங்கையிடம் கத்தினேன்.

“அப்பாதாண்ணா வேண்டாம்னுட்டாரு. ‘அவனச் சங்கடப்படுத்தாத கண்ணு, அவன் வரமாட்டான்’னாரு.”

அதையும் பெருமையாகத்தான் சொன்னாராம்.