தேறாத கை

அட்டையில் செய்த பிளாட்பாரக் கூரையைத் தலைகீழாக ஒட்டிவிட்டு மைத்துனர் நிமிர்ந்தார். எதிரே ரயில்காரரின் முகம் மலர்ந்தது.

"போச்சா? மச்சான், நீ தெய்வம்டா!"

ரயில்காரர் தன் காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்து, செய்முறைத் தாளில் அந்த இடத்தில் ஓர் அம்புக்குறி போட்டார். கீழே எழுதினார்: 'தயவுசெய்து அவசரப்படாதீர்கள். சாயம் பூசிய பக்கம் வானத்தைப் பார்க்கட்டும்.'

ரயில்காரர் ரயில்வேயில் வேலை பார்த்தவர் அல்ல. ரயிலில் ஏறினால் அவருக்கு வாந்தி வரும். வெளியூர் போவதென்றால் பஸ்தான். ஆனால் பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய் பெஞ்சை ஜாணால் அளப்பார். தண்ணீர்த் தொட்டியை அண்ணாந்து பார்த்துப் படம் போட்டுக்கொள்வார். போர்ட்டர்கள் முதலில் சந்தேகப்பட்டார்கள். பிறகு பழகிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அத்தனையையும் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கி, அட்டையிலும் மெல்லிய பலகையிலும் சுவராகவும் ஜன்னலாகவும் வெட்டி, பசைக் குப்பி, செய்முறைத் தாள், புல்தரைக்குப் பச்சைச் சாயம் ஏற்றிய மரத்தூள் ஒரு பொட்டலம், எல்லாம் சேர்த்துப் பெட்டியில் போட்டு, 'கிட்' என்று பெயரிட்டு அனுப்புவார். வாங்கியவர்கள் உட்கார்ந்து ஒட்டி, தங்கள் வீட்டில் ஒரு ஸ்டேஷனை எழுப்பிக்கொள்ள வேண்டியது.

எந்தக் கிட்டும் வெளியே போகும்முன் மைத்துனர் அதைக் கட்டிப் பார்க்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். அவர் கெட்டிக்காரர் என்பதால் அல்ல. அக்காவின் கல்யாணத்தில் மேடையில் ஓர் ஆணி அடிக்கப் போய் மேடையையே சாய்த்தவர் அவர். "அவன் கை வெச்சா விளங்காது" என்பது அந்தக் குடும்பம் முழுவதும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம். அன்று எல்லோரும் அவரைத் திட்டிக்கொண்டிருக்க, கல்யாண மாப்பிள்ளையான ரயில்காரர் மட்டும் கிட்டே வந்து, நகைக்கடைக்காரர் கல்லைப் பார்ப்பதுபோல் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். "இந்தக் கை தேறினா ஊரே தேறும்" என்றாராம்.

கை ஏமாற்றவில்லை. டிக்கெட் கவுண்டரைத் தன் சட்டைக் கையிலேயே ஒட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனது. இடது சுவர் இருக்க வேண்டிய இடத்தில் வலது சுவரை நிறுத்தியது. ஒவ்வொரு தப்புக்கும் ரயில்காரர் ஒரு வாரம் யோசிப்பார். துளைக்குள் நுழைய வேண்டிய சுவரின் பல்லை ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் வெட்டுவார். அப்புறம் மாற்றி நுழைக்க நினைத்தாலும் நுழையாது. அதனால்தான் அவர் பெயர் பரவியது. கை நடுங்குகிறவர்களும் பார்வை மங்கியவர்களும் அவர் ஸ்டேஷனைக் கட்டி முடித்துவிட்டு, தங்களுக்கு இவ்வளவு திறமை இருந்தது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று அவருக்கு எழுதினார்கள். அவர் மறுத்து எழுதியதில்லை.

"உங்கக்காவைக் கட்டினதுல எனக்குக் கிடைச்ச ஒரே சீதனம் நீதான்டா" என்பார்.

"திருப்பிக் கொடுத்துடலாம்னு பாக்கறேன். வாங்கிக்கத்தான் ஆளில்லை" என்று சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் ஒரு கூட்ஸ் ஷெட்டைத் தப்பில்லாமல் கட்டிவிட்டார். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். அந்தக் கையும் நகர்ந்திருந்தது. பாராட்டை எதிர்பார்த்து நிமிர்ந்தார். ரயில்காரரின் முகம் தொங்கிவிட்டது.

"அடப்பாவி, தேறிட்டியா? சரி விடு. மாடிக்குக் குடிவந்திருக்காரே, அவர் கை எப்படின்னு பாக்கணும்."

அடுத்த ஞாயிறு மைத்துனர், பொடித் துண்டுகளை எடுக்கும் சாமணத்தைத் தலைகீழாகப் பிடித்தார்.

அன்றிலிருந்து அவருக்கு வேலை கூடிற்று. முட்டாளாக இருக்கப் படிப்பு வேண்டாம். முட்டாள் எங்கே இடறுவான் என்று முன்கூட்டிக் கண்டுபிடிக்க வேண்டும். அவர் குமாஸ்தாவாக இருந்த லாரி ஆபீசில் மானேஜர் ஒரு பார்சலை எப்படிக் கட்டத் தெரியாமல் கட்டுகிறார் என்று கூர்ந்து கவனித்தார். அதை ஞாயிறன்று சிந்தாமல் சிதறாமல் செய்து காட்டினார். ரயில்காரர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். மாடிக்காரரைப் பற்றிய பேச்சு எழவே இல்லை.

போன மாதம் ஒரு பலகையை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்த ரயில்காரர் அப்படியே சாய்ந்தார். கடைசிக் கிட் ஒரு பாலம். எல்லாம் வெட்டிப் பெட்டிகளில் போட்டாகிவிட்டது. மைத்துனர் கட்டிப் பார்ப்பது மட்டும் பாக்கி.

நினைவுக் கூட்டம் வீட்டுக் கூடத்திலேயே நடந்தது. வந்தவர்கள் ஆளுக்கொரு ஸ்டேஷனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ரசிகர்களுக்குத் தலைவர் ஒரு பல் டாக்டர்.

"அந்தப் பாலத்தை அனுப்பிடுங்கம்மா. எல்லாரும் காத்துக்கிட்டிருக்கோம்" என்றார்.

அக்கா தலையை ஆட்டினார். "தம்பி கட்டிப் பாக்காம ஒரு பெட்டிகூட இந்த வாசப்படி தாண்டினதில்லை, டாக்டர். இவன் கட்டட்டும். கோணிச்சுதுன்னா அத்தனையும் பழைய பேப்பர்காரனுக்குத்தான். திருத்தறதுக்கு இனிமே யார் இருக்கா?"

மேஜையை நடுவில் இழுத்துப் போட்டார்கள். டாக்டர் மைத்துனரைக் காட்டி, "இவர்தாங்க அந்தக் கை" என்று அறிமுகம் செய்தார். கூடம் அன்போடு சிரித்தது.

மைத்துனர் மனசுக்குள் கணக்குப் போட்டார். தடுமாறினால் அத்தானின் பாலம் எடைக்குப் போகும். தடுமாறாவிட்டால் இத்தனை ஞாயிறும் பொய் என்று அக்காவுக்குத் தெரிந்துவிடும். நடுவழி ஒன்று தோன்றியது: நாலு பேர் பார்க்க ஒரே ஒரு தப்பு; பிறகு தாளைப் படித்துவிட்டுத் திருத்திக்கொள்வது.

குட்டைத் தூணை நெட்டைத் தூணின் இடத்தில் வைத்தார். நுழையவில்லை. தளத்தைக் கவிழ்த்துப் போட்டார். ஒரு பல் முட்டி நிறுத்தியது. சாமணத்தைத் தேடினார். பெட்டியில் சாமணம் வைக்கவில்லை. அது தேவைப்படாத அளவுக்குத் துண்டுகள் பெரிதாக இருந்தன. பசையையாவது சிந்தலாம் என்று குப்பியைக் கவிழ்த்தார். மூக்கில் ஊசித் துளை; சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. ஞாயிறுதோறும் அவர் பாடுபட்டு உருவாக்கிய தப்பு ஒவ்வொன்றுக்கும் அந்தப் பாலத்தில் ஒரு தடை இருந்தது. வேறு வழியில்லாமல் சரியாகக் கட்டினார்.

பாலம் நின்றது. டாக்டர் தன் பையிலிருந்து ஓர் இன்ஜினை எடுத்து அதன் மேல் ஓடவிட்டார். அது அக்கரை போய்ச் சேர்ந்தது.

"பாத்தீங்களா? இவரே கட்டிட்டாரு! மேதைங்க அவரு!"

எல்லோரும் ஸ்டேஷனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்து, சுவரிலிருந்த ரயில்காரர் படத்தைப் பார்த்துக் கை தட்டினார்கள். அக்கா மட்டும் தம்பியின் விரல்களைப் பார்த்தார். ஒரு விரலிலும் பசை இல்லை.

சமையலறைக்குக் கூப்பிட்டார்.

"எப்ப இருந்துடா?"

"கூட்ஸ் ஷெட்ல இருந்து."

"அடேய், அப்ப எனக்கு ஒரு முடிகூட நரைக்கலையே!"

"சொன்னா அப்புறம் என்னைக் கூப்பிட மாட்டாருல்லக்கா."

அக்கா கழுவிய டம்ளர்களைக் கவிழ்த்து வைத்தார்.

"இப்பவும் தப்பாக் கட்டத்தான் பாத்தேன்" என்றார் மைத்துனர். "அத்தான் விடலை."

அக்கா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போய், "அனுப்பிடலாம் டாக்டர்" என்றார்.

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் மைத்துனர் பாலப் பெட்டிகளைத் தபால் ஆபீசில் சேர்த்துவிட்டு வேலைக்குப் போனார். மத்தியானம் அக்கா ஆபீசுக்குப் போன் செய்து, குழாய் ஒழுகுவதாகவும் வரும்போது வாஷர் வாங்கிவரும்படியும் சொன்னார். சாயங்காலம் அவர் போய் வாஷரை மாற்றினார். அக்கா குழாயைத் திறந்தார். மூடினார். குனிந்து பார்த்தார். ஒரு சொட்டும் ஒழுகவில்லை. மறுபடி திறந்து மூடினார். பிறகு உள்ளே போய், வேலை செய்யாத இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.