தானாக ஏறிய முள்

நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும். ஆனால் முள்ளக்காவுக்குக் கதை கட்ட வராது. வண்டியின் நல்ல பாகத்தைக் காட்டி, கெட்டுப்போச்சு என்று சொல்லத் தெரிந்திருந்தால் அவள் இந்நேரம் தகரக் கூரைப் பட்டறையில் வெந்துகொண்டிருக்க மாட்டாள். நடந்ததை ஒரே ஒரு முறைதான் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை உட்காரவே இல்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

முள்ளக்கா என்பது பட்டப்பெயர். டர்போ வண்டிகளுக்குப் பெட்ரோல் அழுத்தம் பார்த்துச் சரிசெய்வது அவள் தொழில். எந்நேரமும் மீட்டர் முள்ளிலேயே கண் இருக்கும். அதனால் அந்தப் பெயர். "பேச்சும் அப்படித்தானே குத்துது" என்பான் அவள் தம்பி.

அந்தத் தம்பியின் வண்டிதான் இது. அவனுக்குப் பந்தயப் பைத்தியம். இருந்த இன்ஜின் போய்விட்டதால், பழைய உதிரிபாகக் கடையில் ஒரு டர்போ இன்ஜினை வாங்கி மாட்டியிருந்தான். மறுநாள் காலையில் பந்தயம்.

"அக்கா, சும்மா ஒரு தடவ பாத்துடு. அது போதும்."

"சும்மா பார்த்தா சும்மா போயிடுவ. சாவியக் குடு."

அவள் பயத்தில் நியாயம் இருந்தது. டர்போ காற்றை இன்ஜினுக்குள் அழுத்தித் திணிக்கும். அந்தக் காற்றை எதிர்த்துத்தான் பெட்ரோல் உள்ளே பீய்ச்ச வேண்டும். காற்று ஏறினால் பெட்ரோல் அழுத்தமும் கூடவே ஏற வேண்டும். ஏறாவிட்டால் இன்ஜின் பட்டினியில் கொதித்து, பிஸ்டன் மெழுகாக உருகிவிடும். காற்று ஏறிய செய்தியை அழுத்த ரெகுலேட்டருக்குச் சொல்வது ஒரு சின்ன ரப்பர் குழாய். சுண்டுவிரல் தடிமன்கூட இருக்காது. ஓட்டுகிறவன் உயிர் அதில் தொங்கும்.

பெட்ரோல் குழாயை வண்டிக்குள் கொண்டுவரக் கூடாது. அதனால் மீட்டரை முன்கண்ணாடிக்கு வெளியே, தன் கண்ணுக்கு நேராக, டேப் போட்டு ஒட்டினாள். கிடங்குகளுக்குப் பின்னால் போகும் நீளமான சாலைக்கு வண்டியை எடுத்தாள். தனியாகத்தான் போனாள். வெயில் இன்னும் இறங்கவில்லை.

முள் இரண்டரையில் நின்றது. மிதித்தாள். டர்போ சீறியது. முள் ஏறி நாலைத் தொட்டது. காலை எடுத்தாள். இரண்டரைக்கு இறங்கியது. கச்சிதம். இன்னொரு முறை பார்த்தாள். அதுவும் சரி.

மூன்றாவது முறை ஏதோ உறுத்தியது.

அவள் மிதிப்பதற்கு முன்பே முள் ஏறிவிட்டது. கண் இமைக்கும் நேரம்தான். ஆனால் முந்தியது முள். அவள் கால் பிந்தியது.

மீட்டர் கோளாறு என்று நினைத்தாள். காலை முழுசாக எடுத்துவிட்டு வண்டியைத் தன்போக்கில் உருளவிட்டாள்.

இரண்டரை... நாலு... இரண்டரை... நாலு...

இன்ஜின் சத்தத்தில் துளி மாற்றம் இல்லை. டர்போ சீறவில்லை. முள் மட்டும் ஏறி இறங்கியது. அவசரமே இல்லாமல், ஒரே சீராக.

ஒரு கிடங்குச் சுவர் ஓரமாக நிறுத்தினாள். கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்தேகால். இன்ஜினை அணைத்தாள்.

முள் நிற்கவில்லை.

சாவியை உருவினாள். இனி பெட்ரோல் பம்ப் ஓடாது. பம்ப் ஓடாமல் முள் நாலுக்கு ஏற வழியே இல்லை.

ஏறியது.

இறங்கிப் போய் பானெட்டைத் திறந்தாள். பார்க்காமல் விட்டுப் போக அவள் கை விடவில்லை. ரெகுலேட்டரிலிருந்து அந்த ரப்பர் குழாயை உருவி, அதன் வாயில் கட்டைவிரலை வைத்தாள்.

குழாய் உறிஞ்சியது.

பிறகு ஊதியது.

இளஞ்சூடான காற்று. ஈரமாக இருந்தது.

பெட்ரோல் வாடை இல்லை... மருந்து வாடை.

உஸ்ஸ்... ஹ்ஹா... உஸ்ஸ்... ஹ்ஹா...

அவளால் விரலை எடுக்க முடியவில்லை. எடுத்தால் அது நின்றுவிடும் என்று தோன்றியதாம். ஏன் அப்படித் தோன்றியது என்று அவளுக்கே தெரியவில்லை.

மூச்சு மெலிந்தது.

இடைவெளி நீண்டது.

உஸ்ஸ்...

காத்திருந்தாள்.

திரும்பி வரவில்லை.

ஓட்டுகிற பக்கம் போய்க் கண்ணாடி வழியாக மீட்டரைப் பார்த்தாள். முள் பூஜ்யத்தில் கிடந்தது.

பானெட்டை மூடக்கூட இல்லை. வண்டியை அப்படியே விட்டுவிட்டு நடந்தே பட்டறைக்கு வந்தாள். தம்பி வாசலில் நின்றிருந்தான்.

"வண்டி எங்கக்கா?"

"நாளைக்கு நீ போகல."

"என்ன விளையாடுறியா? பேர் குடுத்தாச்சு!"

"போகலன்னா போகல. அந்த இன்ஜின இறக்கிடு."

அவள் முகத்தைப் பார்த்தவன், போனை எடுத்துப் பந்தயத்திலிருந்து தன் பேரை நீக்கச் சொன்னான்.

மறுநாள் காலையில், அந்த இன்ஜின் எங்கிருந்து வந்தது என்று கேட்க இருவருமாக அந்த உதிரிபாகக் கடைக்குப் போனார்கள். ஷட்டர் மூடியிருந்தது. பக்கத்துக் கடை டயர்க்காரர்தான் பேசினார்.

"இன்னிக்குத் திறக்க மாட்டாருங்க. வீட்ல சாவு. அவரோட பையன்."

தம்பி இன்ஜினைப் பற்றிச் சொன்னான். டயர்க்காரர் அவனை ஒரு மாதிரி பார்த்தார்.

"அட, அத நீங்கதான் வாங்குனீங்களா? அது அந்தப் பையனோட வண்டியில இருந்து கழட்டினது. வேகமா போறப்ப பெட்ரோல் வராம இன்ஜின் திணறி நடுரோட்டுல நின்னுச்சு. பின்னாடி வந்த லாரி மோதிடுச்சு. இன்ஜினுக்குக் கீறல்கூட இல்ல. பையனுக்குத்தான் நினைவே திரும்பல. இத்தன மாசமும் ஆஸ்பத்திரியில மெஷின்தான் அவனுக்கு மூச்சு விட்டுச்சு."

முள்ளக்கா மெதுவாகக் கேட்டாள். "எப்ப... போச்சு?"

"நேத்து சாயந்திரம். இனி பிரயோஜனம் இல்லன்னு சொல்லிட்டாங்க. அஞ்சேகாலுக்கு மெஷினக் கழட்டுனாங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் பக்கத்துலதான் நின்னேன். கழட்டுன பிறகும் நெஞ்சு ஏறி ஏறி இறங்குச்சு. அவங்கப்பா பொழைச்சிட்டான் பொழைச்சிட்டான்னு கத்துனாரு. டாக்டர் ஓடி வந்து மூக்குல கை வச்சுப் பார்த்தாரு..."

"பார்த்து?"

"நெஞ்சு ஏறுதும்மா, இறங்குது. ஆனா மூக்குலயும் காத்து இல்ல, வாயிலயும் இல்ல. அந்த மூச்சு எங்க போகுதுன்னு கடைசிவரைக்கும் டாக்டருக்கே தெரியல."