பாதிக் கேன் டீசல்

பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் என் வலது கையில் டீசல் வாடை அடிக்கும்; சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும், உப்பளத்து ஓரத்து ஈர மண்ணை அள்ளிப் பிசைந்தாலும் போகாத அந்த வாடைக்குக் கூட வரும் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டபோதும், எனக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

சுனாமியில் எங்கள் கட்டுமரம் போன மறு வருஷம், அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் சேர்த்து நிவாரணமாக ஒரு ஃபைபர் படகும் டீசல் இன்ஜினும் கிடைத்தன. மரக்காணத்துக்குத் தெற்கே இருந்த எங்கள் குப்பத்தில் பாயும் துடுப்புமாகத் தொழில் செய்து பழகியவர்களுக்கு, இவ்வளவு தூரம் போனால் திரும்பி வர இவ்வளவு எண்ணெய் வேண்டும் என்று யோசிக்கும் வழக்கமே கிடையாது. மிச்சம் எவ்வளவு என்று காட்டும் முள் எதுவும் அந்த இன்ஜினில் இல்லை. அப்பா ஒரு சவுக்குக் குச்சியைச் சீவி, அதில் கத்தியால் முழுசு, பாதி, கால் என்று கோடு கீறி வைத்துக்கொண்டார். "டாங்க் போறதுக்கு, கேன் வர்றதுக்கு" என்பது அவர் வைத்த சட்டம். டாங்கில் டீசல் கால் கோட்டைத் தொட்டால், மீன் எவ்வளவு விழுந்தாலும் படகைத் திருப்பிவிட வேண்டும். பின்னால் கட்டியிருக்கும் கருப்புக் கேனில் உள்ள டீசல் கரை சேர்வதற்கு மட்டும். ஆடியில் காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிப்பதால், போவதைவிட வருவதற்கே இன்ஜின் அதிகம் குடிக்கும் என்பதை நாலைந்து நாள் ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தார்.

படகைத் தள்ளுவதற்கு முன் டாங்கிலும் கேனிலும் குச்சி விட்டுப் பார்த்துச் சொல்வது என் வேலை. அப்போது எனக்குப் பதினோரு வயது. "பொட்டப் புள்ள கைய வெச்சா தொழில் வெளங்குமா?" என்று கரையில் முணுமுணுத்தவர்களிடம், "என்னவிட அது கரெக்டா பாக்குதுய்யா" என்று அப்பா சிரிக்காமல் சொன்னதை, வகுப்பில் வாங்கிய எந்தப் பாராட்டையும்விடப் பெரிதாக வைத்திருந்தேன்.

அந்த ஆடியில் ஒரு காலை, கேனில் விட்ட குச்சி பாதிக் கோடு வரைதான் நனைந்து வந்தது. சித்தப்பா என் பக்கத்தில் குனிந்தார். முந்தின நாள் தன் கூட்டாளியின் படகுக்குப் பாதியை ஊற்றிக் கொடுத்துவிட்டாராம். "அண்ணனுக்குத் தெரிஞ்சா கத்தும். இன்னைக்குப் பக்கத்துலதான் வலை விடப் போறாங்க, இது போதும். ஃபுல்னு சொல்லிடு செல்வி" என்றார். அலை வந்த அன்று என்னைத் தோளில் போட்டுக்கொண்டு மெயின் ரோடு வரை ஓடியவர் அவர். அவர் கேட்டு எதையும் மறுக்க எனக்குத் தெரியாது. "கேன் பாத்தியாம்மா?" என்று அப்பா தண்ணீரில் நின்றபடி கேட்டார். "ஃபுல்லுப்பா" என்றேன். சித்தப்பாவே கேனைத் தூக்கிப் படகில் வைத்துக் கட்டினார். நிவாரண வீட்டுக்குப் பெயர் கொடுக்க வேண்டும் என்று அவர் மரக்காணம் போய்விட, அப்பாவும் பக்கத்து வீட்டு ஏழுமலையும் போனார்கள்.

பக்கத்தில் மீன் இல்லை, தூரமாகப் போய்விட்டார்கள். மதியம் வர வேண்டிய படகு பொழுது சாய்ந்தும் வரவில்லை. அம்மா கரையிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் சித்தப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் மதியம் கூனிமேட்டுப் படகு ஒன்று அவர்களைக் கட்டி இழுத்து வந்தது. கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் டீசல் தீர்ந்து, காற்று மறுபடி வெளியே தள்ளியிருக்கிறது. பாரம் குறைக்கப் புது வலையைக் கடலிலேயே கைவிட்டிருந்தார்கள். துடுப்புப் போட்டுப் போட்டு அப்பாவின் உள்ளங்கை இரண்டிலும் தோல் கழன்று தொங்கியது. ஏழுமலை மணலில் குப்புற விழுந்து வாந்தி எடுத்தார்.

அப்பா என்னிடம்தான் வந்தார். "குச்சி விட்டுப் பாத்தியா?"

"பாத்தேம்பா."

"எவ்ளோ இருந்துச்சி?"

நான் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா முந்திக்கொண்டார். "பாப்பாதாண்ணே ஃபுல்னு சொல்லிச்சி. சின்னப் புள்ள, தப்பாப் பாத்திருக்கும்."

கூட்டமே என்னைப் பார்த்தது. சித்தப்பா கேட்டுக்கொண்டதை நான் சொல்லவில்லை. பயமா, நன்றியா என்று இன்றும் எனக்கு நிச்சயமில்லை. நானும்தானே பொய் சொல்லியிருந்தேன். அப்பா அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. "இத உங்கிட்ட குடுத்தது என் தப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டு, அம்மா நீட்டிய தண்ணீரை வாங்க முடியாமல் கைகளை விரித்தபடி வீட்டுக்கு நடந்தார். அதன் பிறகு எதையும் என்னைப் பார்க்கச் சொன்னதில்லை. பத்தாவதில் கணக்கில் பள்ளியிலேயே முதலாவதாக வந்து மார்க் ஷீட்டை நீட்டியபோதும், அதை என் அண்ணனிடம் கொடுத்து, "சரியாப் படிச்சி சொல்றா" என்றார்.

மூன்று வருஷத்துக்கு முன் அப்பா இறந்தார். காரியம் முடிந்த அன்று சித்தப்பாவிடம் அந்தக் கேனைப் பற்றிக் கேட்டேன். "எந்தக் கேனும்மா? அதெல்லாம் யாரு ஞாபகம் வெச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டு, பந்தியில் தண்ணீர் வைக்கப் போய்விட்டார்.

நாங்கள் படகு தள்ளிய மணலைக் கடல் தின்றுவிட்டது. அங்கே இப்போது கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். ஏழுமலையின் மகன் ஜிபிஎஸ் பார்த்துக்கொண்டு போய் வருகிறான். நான் தப்பாகப் பார்க்கவில்லை என்று ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் இன்று சொல்லலாம், யாரும் மறுக்க மாட்டார்கள். அதைக் கேட்டிருக்க வேண்டியவர், தன் மகளுக்குச் சரியாகப் பார்க்கத் தெரியாது என்று நம்பிக்கொண்டே போய்விட்டார்.